அப்புச்சி கொண்டுவந்த விமானத் தகடு: கீ-செயினா வெட்டக் குடுக்கலாமா?

கொய்மலர்_குன்னூர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பழம்பொருள் பகுதியில இது என் முதல் கேள்வி. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

எங்க அம்மாவோட அப்பாவுக்கு, அதாவது அப்புச்சிக்கு, சொந்த ஊர் பீளமேடு. யுத்த காலத்துல அங்க இருந்த வெள்ளைக்கார நேவியோட விமான ரிப்பேர் யார்டுல தகடு வேலை பார்த்தவர். யார்டை மூடினதும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில வேலை கிடைச்சு மலையேறினார். அப்புறம் எங்க எல்லாருக்குமே குன்னூர்தான் ஊர். அவர் பீளமேட்டுல இருந்து கொண்டுவந்ததுன்னு வீட்டுல ரெண்டு சாமான் இருக்கு.

ஒண்ணு அரிசிப்பெட்டி மூடி. பெட்டி பலாமரம், மூடி மட்டும் அலுமினியத் தகடு. ரெண்டரை அடிக்கு ஒண்ணரை அடி இருக்கும். மூணு ஓரம் நேரா இருக்கு, நாலாவது ஓரம் வளைஞ்சு போகுது, அந்த இடத்துல பெட்டியே சரியா மூடாது. மேல்பக்கம் கரும்பச்சையா சாம்பலான்னு சொல்ல முடியாத ஒரு மங்கின பெயின்ட். உள்பக்கம் பச்சை கலந்த மஞ்சள். ஒரே கையால தூக்கிடலாம், ஆனா நடுவுல அமுக்கினா பாத்திர அலுமினியம் மாதிரி சொட்டை விழாது, விறைப்பா பழைய நிலைக்கே வந்துடும்.

இன்னொண்ணு, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்குல அறுத்த இதய வடிவ டாலர். அம்மிச்சி கடைசி வரைக்கும் கறுப்புக் கயித்துல போட்டிருந்தாங்க.

இப்ப விஷயம். போன பொங்கலுக்கு அமெரிக்காவுல இருக்கிற பெரியம்மா மகன் ஒரு பரிசு அனுப்பினான். யுத்த கால ‘கோர்செயர்’ங்கிற கடற்படைச் சண்டை விமானத்தோட தோல்ல இருந்து வெட்டின சின்னத் துண்டு, அட்டையில பதிச்சு, விமானத்தோட நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கு. அதையும் எங்க மூடியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இன்ஸ்டாகிராம்ல படம் போட்டேன். ரெண்டு நாள் கழிச்சு பெங்களூர்ல இருந்து ஒருத்தர் மெசேஜ் பண்ணினார். தகட்டை அப்படியே வாங்கிக்கிறாராம், லேசர்ல சின்னச் சின்னதா வெட்டி ‘கோர்செயர், பீளமேடு 1944’ன்னு பொறிச்சு கீ-செயினா விப்பாராம். 20,000 ரூபாய் தரேங்கிறார், எங்களுக்கு ரெண்டு துண்டு ஃபிரேம் போட்டும் தருவாராம். அம்மா, “அரிசி மூடிக்கு இவ்வளவா, குடுத்துத் தொலை”ங்கிறாங்க. தம்பி கூடவே கூடாதுங்கிறான்.

இது நிஜமாவே கோர்செயர் தகடுதானா, எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெட்டக் குடுக்கிறதுல தப்பு இருக்கா? குடுக்கலைன்னா, எங்க ஊர் மழையில இதை எப்படி வச்சுக் காப்பாத்துறது?

---

மேட்டுப்பாளையம்_பழையசாமான் எழுதியது:

எடைக்குப் போட்டா ஒரு கிலோ வருமா வராதா. அதுக்கு ஒருத்தர் 20,000 குடுக்கிறார்னா கணக்கு வேற எங்கயோ இருக்குங்க. நீங்க சொன்ன அளவை கீ-செயின் சைஸ்ல வெட்டினா சேதாரம் போக இருநூறு துண்டுக்கு மேல தேறும். ஒண்ணை 1,000 ரூபாய்க்கு வித்தாலும் நீங்களே பெருக்கிப் பாருங்க. இது எங்க தொழில்ங்கறதால சொல்றேன்.

அப்புறம், ‘கோர்செயர்’னு அவருக்கு யாருங்க சொன்னது? உங்க படத்துல இருந்த அமெரிக்கத் துண்டு சொல்லிச்சு. உங்க மூடி ஒண்ணும் சொல்லலை.

---

கோத்தகிரி_ஹேங்கர் எழுதியது:

தங்கச்சி, முதல்ல அந்தப் பெட்டியில இருக்கிற அரிசியைக் கொட்டிட்டு, புது அரிசியை வேற டப்பாவுல போடுங்க. மீதியை அப்புறம் படிக்கலாம்.

உள்பக்கப் பச்சை-மஞ்சள், நீங்க சொல்றதை வச்சுப் பார்த்தா ஜிங்க் குரோமேட் பிரைமர். அந்தக் காலத்து அமெரிக்க விமானங்கள்ல உள்தகடுக்கு அடிச்ச மருந்து. அலுமினியத்தை உப்புக்காத்து அரிக்காம காப்பாத்தும், அதுல அதை மிஞ்ச அப்ப வேற சரக்கு கிடையாது. ஆனா அதுல இருக்கிற குரோமியம் புற்றுநோய் வரவழைக்கிற வகை. சும்மா தொட்டா ஒண்ணும் ஆகாது, கையைக் கழுவிக்கிட்டா போதும். தூளா உதிர்ந்து மூச்சுலயோ சோத்துலயோ போறதுதான் கெடுதல். உப்புத்தாள், கம்பி நார், கிரைண்டர் எதுவும் அது பக்கம் போகக் கூடாது. லேசர்ல வெட்டினா வர்ற புகையும் அதே விஷம்தான், பெங்களூர்க்காரர் மேல நமக்கு என்ன பகை.

நான் கடற்படை விமானப் பிரிவுல தகடு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். கோவாவுல ஹன்ஸா தளத்துல சீ ஹாக் விமானத்துக்கு ஒட்டுப் போட்டே எனக்கு முடி நரைச்சது. அதனால உங்க அப்புச்சி எனக்கு சீனியர்.

அவர் வேலை பார்த்த இடத்தோட பேர் எச்.எம்.எஸ். கருடா. இப்ப கருடான்னா எல்லாரும் கொச்சியை நினைப்பாங்க, அது 1953ல நம்ம கடற்படை ஆரம்பிச்சது. இது அதுக்கு முந்தினது. 1942ல இருந்து 1946 வரைக்கும் பீளமேட்டுல, இன்னிக்கு கோயம்புத்தூர் ஏர்போர்ட் இருக்கிற இடத்துல ஓடின ராயல் நேவி ரிப்பேர் யார்டு. கப்பலே இல்லாத ஊர்ல கப்பல் பேர்ல தளம் வைக்கிறது நேவி வழக்கம். ஜப்பான்காரன் இந்தியப் பெருங்கடல்ல இருந்தப்ப பிரிட்டிஷ் கிழக்குக் கடற்படை திருகோணமலையில நின்னுச்சு. 1944 ஏப்ரல் 19ல சுமத்ராவுக்கு மேல இருக்கிற சபாங் துறைமுகத்தைத் தாக்கினப்ப, இல்லஸ்டிரியஸ் கப்பல்ல இருந்து கோர்செயர்கள்தான் காவலுக்குப் போச்சு. கப்பல் தளத்துல இறங்கும்போது முட்டிக்கிறது, சக்கரம் ஒடியறது, இறக்கை கிழியறது எல்லாம் கோர்செயருக்கு சர்வ சாதாரணம். மூக்கு அவ்வளவு நீளம், இறங்கறவனுக்கு முன்னாடி கப்பல் தெரியாது. அப்படிப்பட்ட கடற்படைக்குப் பின்னாடி கொச்சி, பீளமேடு, சூலூர்னு ஒரு வரிசையே வேலை பார்த்துச்சு.

அதனால உங்க வீட்டுக் கதை பொருந்துது. ஆனா கதை பொருந்தறது வேற, தகடு அத்தாட்சி குடுக்கிறது வேற. கோயம்புத்தூர்ப் பக்கம் கிடைக்கிற விமானத் தகடெல்லாம் யுத்தத்ததுன்னு எடுத்துக்க முடியாது. ஹன்ஸாவே முதல்ல 1961ல சூலூர்லதான் ஆரம்பிச்சது, அப்புறம்தான் கோவாவுக்குப் போச்சு. சூலூர்ல இன்னிக்கும் விமானப்படை இருக்கு.

கீழ சொல்றதைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. எதையும் சுரண்ட வேண்டாம், பார்த்தா போதும்.

மேல்பக்கம் டார்ச்சை சாய்வா அடிங்க. ஓட்டை இல்லாம, வரிசையா, லேசாக் குழிஞ்ச வட்ட வட்டத் தழும்பு தெரியுதா? கோர்செயரைச் செஞ்ச வாட் கம்பெனி, தோலை உள்சட்டத்தோட ரிவெட் அடிக்காம நிறைய இடத்துல ஸ்பாட் வெல்டிங்ல ஒட்டுச்சு. காத்து வழுக்கிட்டுப் போகணும்னு அந்த ஏற்பாடு. அதே காலத்து அமெரிக்கக் கடற்படை விமானமான ஹெல்கேட், அவெஞ்சர் எல்லாம் கிரம்மன் கம்பெனி வேலை, அங்க ரிவெட் ராஜ்யம்.

உள்பக்கப் பிரைமருக்கு அடியில மங்கலா மை எழுத்து தெரியுதா? அமெரிக்கத் தகடு ஆலையில இருந்து வரும்போதே ‘அல்க்ளாட் 24 எஸ்-டி’ன்னு வரிசையா அச்சடிச்சு வரும். பிரிட்டிஷ் தகடுன்னா ‘டி.டி.டி.’ன்னு ஆரம்பிச்சு ஒரு எண் இருக்கும். முதல் அச்சு இருந்தா சீ ஹாக், சீஃபயர் மாதிரி பிரிட்டிஷ் விமானம் எல்லாம் ஆட்டத்துல இருந்தே வெளிய.

ஓரத்துல எங்கயாவது எண் குத்தியிருக்கான்னு பாருங்க. பெயின்ட்ல எழுதினது இல்ல, இரும்பு அச்சால அடிச்சது.

இன்னொரு சோதனையும் உண்டு, பிடிச்சா செய்யுங்க. எந்த மூலையில ஏற்கெனவே வெட்டுவாய் பளிச்சுன்னு இருக்கோ அங்க, காஸ்டிக் சோடாத் தண்ணி ஒரே சொட்டு. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கணும், ரெண்டு நிமிஷத்துல நிறைய தண்ணி விட்டுக் கழுவிடணும். பாத்திர அலுமினியம் வெள்ளையாவே இருக்கும். விமானக் கலவையில செம்பு இருக்கு, அது கறுத்துடும். அல்க்ளாட் தகடுன்னா வெட்டுவாய்ல நடு மட்டும் கறுத்து, மேல கீழ ரெண்டு வெள்ளைக் கோடு நிக்கும். அந்த வெள்ளைக் கோடுதான் சுத்த அலுமினியப் போர்வை, ஒவ்வொரு பக்கமும் மொத்தத் தடிமன்ல இருபதுல ஒரு பங்கு. தகட்டை மினுக்குறேன்னு தேய்க்கிறவங்க முதல்ல அழிக்கிறது அதைத்தான்.

வெட்டுற விஷயம் அப்புறம். பாத்துட்டு வாங்க.

---

ஆர்எஸ்புரம்_சேகரிப்பு எழுதியது:

ஹேங்கர் சார் சொன்னது எல்லாம் சரி. வெட்டுறது பத்தி மட்டும் ஒரு வார்த்தை, ஏன்னா இந்த மாதிரித் துண்டுகளைச் சேர்க்கிறவன் நான். இங்க எல்லாரும் அதைப் பாவம் மாதிரி பேசுவாங்க.

வெளிநாட்டுல ஒரு பழைய கோர்செயரைத் திரும்பப் பறக்க வைக்கணும்னா அரிச்சுப்போன தோலை உரிச்சுட்டுப் புதுத் தகடு அடிச்சாகணும். உரிச்ச பழசு இனி எந்த விமானத்துக்கும் ஆகாது. அதை வெட்டி, எந்த விமானம், என்ன நம்பர், எங்க பறந்ததுன்னு எழுதி விக்கிறாங்க. கோர்செயர் மொத்தம் 12,571 செஞ்சாங்க, மிஞ்சினது கொஞ்சம். அதுல ஒண்ணை என்னை மாதிரி ஆள் வாங்க முடியுமா? உள்ளங்கை அளவு தகடு வாங்கலாம். ஹோண்டுராஸ் விமானப்படை 1969 வரைக்கும் கோர்செயர்ல சண்டை போட்டுச்சு, அங்க இருந்து அமெரிக்காவுக்குத் திரும்பி வந்ததும் உண்டு. சின்னத் துண்டுக்குப் பின்னாடி அவ்வளவு பயணம் இருக்கும்.

நம்ம ஊர்லயும் இது புதுசு இல்ல. பழைய விக்ராந்த் போர்க்கப்பலை 2014ல மும்பையில உடைச்சாங்க. அந்த இரும்பை வாங்கித்தான் 2016ல பஜாஜ் வி பைக் வந்துச்சு. டேங்க்ல விக்ராந்த் இருக்குன்னு சொல்லி ஓட்டினவங்க எத்தனை பேர். யாரும் குறை சொல்லலையே.

மலர் அக்கா, மூடியில பாதியை உங்களுக்கு வச்சுக்கிட்டு மீதியை நீங்களே வெட்டி சொந்தக்காரங்களுக்குக் குடுங்க. பெங்களூர்க்காரர் எதுக்கு நடுவுல.

---

கொய்மலர்_குன்னூர் எழுதியது:

அரிசியை மாத்தியாச்சு சார். அம்மா இன்னும் நம்பலை, “இத்தனை வருஷம் தின்னோமே”ங்கிறாங்க.

தம்பி டார்ச் அடிச்சுப் பார்த்தான். நீங்க சொன்ன வட்டத் தழும்பு இருக்கு! நீளவாக்குல ரெண்டு வரிசை, சட்டைப் பித்தானை விடச் சின்னது. வளைஞ்ச ஓரத்துல மட்டும் ரிவெட் ஓட்டை, அதுவும் மேல அகலமா உள்ள குறுகலா இருக்கு. உள்பக்கம் ஒரு இடத்துல பிரைமர் மெல்லிசா இருக்கிறதுல ‘க்ளாட் 24 எஸ்’ வரைக்கும் படிக்க முடியுது. நம்பர் எதுவும் கண்ணுக்குப் படலை. காஸ்டிக் சோடா வேண்டாம்னு தம்பி தடுத்துட்டான். வளைஞ்ச ஓரத்துக்குப் பக்கத்துல வெளிப் பெயின்ட் மேல பென்சில்ல ரெண்டு கோடும், தமிழ்ல ‘வெ’ன்னு ஒரு எழுத்தும் இருக்கு. அது அப்புச்சி கையா இருக்குமோ?

டாலரையும் பாருங்க, படம் இணைச்சிருக்கேன்.

---

கோத்தகிரி_ஹேங்கர் எழுதியது:

அந்த அச்சு இருக்கிறதால அமெரிக்கத் தகடு. அதுல சந்தேகம் வேண்டாம். ஸ்பாட் வெல்டிங் வரிசை வாட் பக்கம் கை காட்டுது. மேல அகலமா உள்ள குறுகலா இருக்கிற ஓட்டை, தலை வெளிய தெரியாம அமுங்கற ரிவெட்டுக்கு. வெளிப் பெயின்ட்டும் பிரிட்டிஷ் கடற்படை விமானத்துக்கு மேல்பக்கம் அடிச்ச கரும்பச்சைச் சாம்பலுக்கு ஒத்து வருது. யாராவது “இது வெளி இறக்கையோட பின்பாதித் தகடு”ன்னு கதை கட்டினா நம்பாதீங்க. யுத்தகாலக் கோர்செயர்ல வெளி இறக்கையோட பின்பாதி துணிதான், தகடே கிடையாது. உடம்புத் தகடாகவோ நடு இறக்கைத் தகடாகவோ இருக்கலாம். கோர்செயர்னு சொல்ல நல்ல நியாயம் இருக்கு, ஆனா எந்தக் கோர்செயர்னு சொல்ல ஒரு எண்ணும் இல்ல. ராயல் நேவிக்கு மட்டும் ரெண்டாயிரத்துச் சொச்சம் கோர்செயர் வந்துச்சு.

ஆர்எஸ்புரம் தம்பிக்கு இங்கதான் பதில். உங்ககிட்ட இருக்கிற துண்டு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு விமானத்தோட நம்பர் இருக்கு, அந்த நம்பருக்குக் காகிதம் இருக்கு. தகடு உரிச்ச பட்டறை எதுன்னு தெரியும். விக்ராந்த் இரும்பும் அப்படித்தான், ஒரே கப்பல், ஊரறிய உடைச்சாங்க. அதை வெட்டுறதுல எனக்கு வருத்தமே இல்ல. மலர் வீட்டுத் தகட்டுக்கு நம்பர் கிடையாது. அதுகிட்ட இருக்கிற அத்தாட்சியே வெல்டிங் வரிசை, அரைகுறை அச்சு, வளைஞ்ச ஓரம், பென்சில் கோடு, இது நாலும் ஒரே தகட்டுல சேர்ந்திருக்கிறதுதான். இருநூறா வெட்டினா அச்சு ஒருத்தன்கிட்ட, பென்சில் இன்னொருத்தன்கிட்ட, மீதிப் பேர்கிட்ட வெறும் பெயின்ட் அடிச்ச அலுமினியம். ‘பீளமேடு 1944’ன்னு அதுமேல பொறிக்கிறது பொய்க்கு லேசர் அடிக்கிற வேலை. 1944ன்னு அவர் எங்க இருந்து எடுத்தார்? யார்டு நாலு வருஷம் ஓடிச்சே.

இதுல இன்னொண்ணும் இருக்கு. இந்த விமானங்கள் அமெரிக்கா கடன்-குத்தகையில குடுத்தது. யுத்தம் முடிஞ்சதும் காசு குடுக்கணும், இல்ல திருப்பித் தரணும், இல்ல அழிக்கணும். அழிக்கிறதுதான் மலிவுன்னு கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போய் கடல்ல தள்ளினாங்க, ஆஸ்திரேலியா பக்கம் தள்ளினதுக்குப் படமே இருக்கு. அதனாலதான் பிரிட்டிஷ் கோர்செயர் உலகத்துலயே அபூர்வம். இங்கிலாந்துல யோவில்டன் மியூசியத்துல கே.டி. 431ன்னு ஒண்ணு நிக்குது. 1960கள்ல அதுமேல அழகா புது பெயின்ட் அடிச்சு வச்சிருந்தாங்க. பிற்பாடு பல வருஷம் உட்கார்ந்து அந்த பெயின்ட்டை மட்டும் கையால கொஞ்சம் கொஞ்சமா உரிச்சு, அடியில இருந்த 1944ஆம் வருஷத்து பெயின்ட்டை வெளிய கொண்டுவந்தாங்க. இன்னிக்கு அந்த விமானத்துக்கு மரியாதையே அந்தக் கீறல் விழுந்த பழைய பெயின்ட்டாலதான். உங்க மூடியில அதே மாதிரி பெயின்ட் யாரும் கை வைக்காம இருக்கு. அரிசிப்பெட்டிக்குத்தான் நன்றி சொல்லணும்.

பென்சில் எழுத்து ‘வெ’ன்னா ‘வெட்டு’ன்னு குறிச்சிருக்கலாம், இல்ல அப்புச்சி பேர்ல முதல் எழுத்தா இருக்கலாம், அது உங்களுக்குத்தான் தெரியும். எங்க பட்டறையிலயும் வெட்டுக்கோடு பக்கத்துல ஏதாவது குறிப்போம். ஆனா அலுமினியத்து மேல நேரா பென்சில் போட்டா மேஸ்திரி திட்டுவார், பென்சில் கரி பட்ட இடம் அரிக்கும். பெயின்ட் மேல போட்டது புத்திசாலித்தனம்.

வச்சிருக்கிற முறை: ஈரமில்லாத மெல்லிய துணியால தூசி மட்டும் தட்டுங்க. புளி, எலுமிச்சை, மினுக்குப் பவுடர் எதுவும் வேண்டாம். உங்க ஊர்ல ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் சுவரே வேர்க்கும், அதனால வெளிச்சுவர்ல மாட்டாதீங்க. பாலியெஸ்டர் ஷீட்ல சுத்தி, சிலிக்கா ஜெல் பையோட இறுக்கமா மூடற பிளாஸ்டிக் பெட்டியில படுக்க வைங்க. ஜெல்லை அப்பப்ப காய வச்சு மாத்தணும். இரும்பு, பித்தளை, செம்பு எதுவும் அதுமேல படக் கூடாது, ஈரத்துல ரெண்டு உலோகம் தொட்டா அலுமினியம்தான் தேயும். இது நிலத்துலயே இருந்த தகடு, அதனால தப்பிச்சது. ஊட்டியில தெரிஞ்சவர் ஒருத்தர் கடல்ல இருந்து எடுத்த விமானத் துண்டுன்னு ஆன்லைன்ல வாங்கினார். உப்பை ஊறவச்சு எடுக்காமலே வித்திருக்காங்க. ஒரு மழைக்காலத்துல வெள்ளைப் பொடி கிளம்பி, இலை இலையா உரிஞ்சுடுச்சு.

டாலர் படம் பார்த்தேன். காக்பிட் கண்ணாடிக்குப் போடற பெர்ஸ்பெக்ஸ்ங்கிற பிளாஸ்டிக் மாதிரிதான் இருக்கு. உடைஞ்ச கண்ணாடித் துண்டுல இதயம் அறுத்து வீட்டுக்கு அனுப்பறது அந்த யுத்தத்துல எல்லா நாட்டு மெக்கானிக்குக்கும் இருந்த பைத்தியம். உங்க அப்புச்சிக்கும் தொத்தியிருக்கு, பாவம், புதுசா கல்யாணம் ஆனவரா இருப்பார். அதை ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதாலயும் துடைக்காதீங்க, உள்ள முடிமுடியா விரிசல் ஓடும். சாதாரண சோப்புத் தண்ணி, மெத்துன்னு துணி, போதும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். மூடியைக் குடுக்கலைன்னதும் இந்த மாதிரி ஆளுங்க மாத்திக்க வேற சாமான் காட்டுவாங்க. இருட்டுல மின்னின பழைய காக்பிட் முள் கருவின்னு யாராவது நீட்டினா வாங்காதீங்க. அந்தப் பெயின்ட் ரேடியம். மின்னல் நின்னு போயிருக்கும், கதிர்வீச்சு நிக்காது, அது பாதியாக் குறையவே 1,600 வருஷம் ஆகும். கண்ணாடி உடைஞ்சு தூள் கொட்டினா வீட்டுக்குள்ள வச்சிருக்க முடியாது.

---

ஆர்எஸ்புரம்_சேகரிப்பு எழுதியது:

நம்பர் விஷயம் ஒத்துக்கிறேன் சார். ஆனா ஓட்டை பக்கத்துல தகடு ஏற்கெனவே கிழிஞ்சு தொங்கிட்டு இருந்தா அதுல ஒரு சின்னத் துண்டு எடுக்கறதுல இன்னும் தப்பு தெரியலை எனக்கு. மலர் அக்கா கோயம்புத்தூர் வந்தா சொல்லுங்க, என்கிட்ட இருக்கிற துண்டையும் உங்க தகட்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

---

கொய்மலர்_குன்னூர் எழுதியது:

கிழிசல் எதுவும் இல்ல தம்பி, முழுசாத்தான் இருக்கு. பெங்களூர்க்காரருக்கு இல்லைன்னு எழுதிட்டேன். இப்ப 35,000ங்கிறார்! அம்மா என்னை முறைச்சுட்டுப் போறாங்க.

அப்புச்சி பேர் ‘ரா’வுல ஆரம்பிக்கும், அதனால ‘வெ’ வெட்டுதான். யார்டுல அவர் வேலை பார்த்ததுக்கு அம்மாகிட்ட காகிதம் எதுவும் இல்லை, ஆனா பெரிய மாமா வீட்டுல ஒரு பித்தளை டோக்கன் இருக்குன்னு சொல்றாங்க, எண் குத்தினது. கேட்டிருக்கேன்.

---

மேட்டுப்பாளையம்_பழையசாமான் எழுதியது:

35,000க்கு ஏறினாரா? அப்ப ஏற்கெனவே யார்கிட்டயோ அட்வான்ஸ் வாங்கிட்டார். இனி பதிலே போடாதீங்க. அந்தப் பலாமரப் பெட்டிக்குப் புது மூடி வேணும்னா மட்டும் சொல்லுங்க, கடையில தேக்குப் பலகை கிடக்கு.

---

கோத்தகிரி_ஹேங்கர் எழுதியது:

டோக்கன் கிடைச்சா அதையும் மினுக்க வேண்டாம், அப்படியே ரெண்டு பக்கமும் படம் எடுங்க, பக்கத்துல ஸ்கேல் வச்சு. எண்ணைப் பொதுவுல போடாம எனக்குத் தனிச்செய்தியில அனுப்புங்க, இல்லைன்னா அடுத்த மாசம் அதே எண்ணோட பத்து டோக்கன் விலைக்கு வரும். அம்மாவை உட்கார வச்சு அப்புச்சி எந்த வருஷம் சேர்ந்தார், யார் கூட வேலை பார்த்தார், எப்ப மலைக்கு வந்தார்னு கேட்டு, சொல்ற வார்த்தையிலயே எழுதி, தேதி போட்டு அவங்ககிட்ட கையெழுத்து வாங்குங்க. முறைச்சாலும் பரவாயில்ல. அந்தத் தாளை தகடு இருக்கிற பெட்டிக்குள்ள வைக்காதீங்க, காகிதத்துல இருக்கிற அமிலம் அலுமினியத்துக்கு ஆகாது. தனிக் கவர்ல வைங்க.